பெட்டிக்குள் ஓர் ஆடு: ‘குட்டி இளவரசன்’ படங்கள் மறைத்துவைப்பவை

உலகெங்கும் படிக்கப்படும் ஒரு கதையின் இறுதித் தவிப்பு, ஒரு தோல்வாரை வரைய மறந்துபோனதிலிருந்து பிறக்கிறது. பாலைவனத்தில் விமானம் பழுதாகிச் சிக்கிக்கொண்ட விமானி, அங்கே சந்தித்த சிறுவனுக்கு ஓர் ஆட்டை வரைந்து தருகிறான். சிறுவனின் கிரகத்தில் இருப்பது ஒரே ஒரு ரோஜா. ஆடு அதைத் தின்றுவிடக் கூடாதே என்று ஒரு வாய்க்கூட்டையும் வரைந்து கொடுக்கிறான். சிறுவன் போன பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது: வாய்க்கூட்டை ஆட்டின் முகத்தோடு சேர்த்துக் கட்டும் தோல்வாரை அவன் வரையவே இல்லை. பூ பிழைத்ததா, இல்லையா என்பது அவனுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது.

அந்த ஆடு வெறும் காகிதத்தில் இருப்பது. காகித ஆடு உயிருள்ள பூவைத் தின்னுமா என்று கேட்கும் வாசகர் மிகக் குறைவு. அறுபது வயது ஓய்வுபெற்ற அதிகாரியும் ஒன்பது வயதுச் சிறுமியும் அந்தப் பக்கத்துக்கு வரும்போது ஒரே மாதிரிதான் பதறுகிறார்கள். இந்தப் பதற்றத்தைச் செந்த் எக்சுபெரி எப்படிச் சாதித்தார் என்பதே ‘குட்டி இளவரசன்’ பற்றிக் கேட்கத்தக்க முதல் கேள்வி. இதயத்தால் மட்டுமே சரியாகப் பார்க்க முடியும் என்று இளவரசனிடம் ஒரு நரி சொல்லும் ரகசியம் வாழ்த்து அட்டைகளிலும் தேநீர்க் கோப்பைகளிலும் ஏறி, கேட்டுக்கேட்டுத் தேய்ந்துவிட்டது. அந்த வாசகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இது அன்பைப் போதிக்கும் நூல் என்று முடித்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் நூலின் மறைபொருள் அந்த வாசகத்தில் இல்லை, படங்களில் இருக்கிறது. அதைவிட, எதை வரையாமல் விடுவது என்ற தேர்வில் இருக்கிறது.

நியூயார்க்கில் எழுதப்பட்ட பாலைவனம்

அந்த்வான் து செந்த் எக்சுபெரி 1900-இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர். நான்கு வயது நிறைவதற்கு முன்பே தந்தையை இழந்தார். 1917-இல் தம்பி பிரான்சுவா பதினைந்து வயதில் இறந்தபோது படுக்கையருகில் இருந்தார். கடற்படைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் தோற்று, பாரிஸில் சில காலம் கட்டடக் கலை மாணவராக இருந்து, கடைசியில் விமானி ஆனார். 1926-இல் லத்தேகோயர் நிறுவனத்தில் சேர்ந்து, துலூஸிலிருந்து டக்கார் வரை தபால் சுமந்து பறந்தார். அடுத்த ஆண்டு, சஹாராவின் மேற்குக் கரையில் ஸ்பானியர் வசமிருந்த ஜுபி முனையின் விமான நிலையத்துக்குப் பொறுப்பாளரானார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மணல். அங்கே பாலைவனத்துச் சிறுநரி ஒன்றை வளர்த்ததையும், பூனையைவிடச் சிறிய உடலும் பெரிய காதுகளும் கொண்ட அந்தப் பிராணியைப் பற்றியும் தங்கைக்குக் கடிதம் எழுதினார். நூலில் வரும் நரியின் காதுகள் ஐரோப்பிய நரிக்குப் பொருந்தாத அளவு நீளமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

1940-இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அந்த ஆண்டின் கடைசி நாளில் செந்த் எக்சுபெரி நியூயார்க் வந்திறங்கினார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தும் ஆங்கிலம் அவருக்குக் கைவரவில்லை. பழைய விபத்துகளின் வலி உடலில் இருந்தது. பிரெஞ்சுப் புலம்பெயர்ந்தோரின் அரசியல் சண்டைகளில் எந்தப் பக்கமும் சேராததால் எல்லாப் பக்கத்தின் வெறுப்பையும் சம்பாதித்தார். கடிதங்களின் ஓரத்திலும் உணவக மேசையிலும் ஒரு சிறுவனின் உருவத்தைக் கிறுக்கிக்கொண்டே இருப்பது அவருடைய பழக்கம். அதைக் கவனித்த பதிப்பாளர் தரப்பு, இந்தச் சிறுவனை வைத்தே ஒரு குழந்தைகள் நூல் எழுதலாமே என்று யோசனை சொன்னது. 1942-இன் கோடையிலும் இலையுதிர்காலத்திலும், பெரும்பகுதி லாங் ஐலண்டின் அஷரோக்கனில் வாடகைக்கு எடுத்த பெரிய வீட்டில், நூல் உருவானது. 1943 ஏப்ரல் 6 அன்று ரேனால் அண்ட் ஹிட்ச்காக் பதிப்பகம் அதை வெளியிட்டது. பிரெஞ்சு மூலமும் கேத்தரின் வுட்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அங்கிருந்தே வந்தன. ஆக, பிரெஞ்சு இலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற குழந்தைகள் கதை முதலில் அச்சானது பிரான்சில் இல்லை. அங்கே கல்லிமார் பதிப்பு கடைகளுக்கு வந்தது 1946-இல். அதற்குள் ஆசிரியர் இல்லாமல் போயிருந்தார்.

ஒரு வரலாற்று விவரத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இதற்கு முந்தைய நூலான போர்க்கால நினைவுக்குறிப்பின் அமெரிக்கப் பதிப்புக்குப் படம் வரைந்தவர் பெர்னார் லமோத் என்ற தேர்ந்த ஓவியர். இந்த நூலுக்கோ எழுத்தாளரே நீர்வண்ணத் தூரிகையை எடுத்தார். கதைசொல்லி தன்னை ஓவியம் கைவிட்ட ஆள் என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிக்கொள்கிறான். ஆறு வயதில் வரைந்ததைப் பெரியவர்கள் கெடுத்துவிட்டார்கள், அதன் பிறகு பழகவே இல்லை என்கிறான். தேர்ந்த ஓவியரின் படங்கள் அந்தக் கூற்றைப் பொய்யாக்கியிருக்கும். நடுங்கும் கோடும் சீரற்ற அளவுகளும் கதையின் சாட்சியங்கள். இளவரசனின் உயரமும் உடையின் நிறமும் படத்துக்குப் படம் சரியாக வரவில்லை என்று கதைசொல்லியே ஒத்துக்கொள்ளும் இடம், ஒரு நண்பனின் முகம் நினைவிலிருந்து நழுவுவதைப் பற்றிய இடமாகவும் ஆகிவிடுகிறது.

நான்கு மூடிய படங்கள்

கதைசொல்லி சிறுவயதில் வரைந்த முதல் படம் பலருக்கும் தெரியும். யானையை விழுங்கிய மலைப்பாம்பு. பெரியவர்களின் கண்ணுக்கு அது தொப்பி. ஆறு வயதுக் கதைசொல்லி இரண்டாவது படத்தில் பாம்பின் உட்புறத்தைத் திறந்து யானையைக் காட்டுகிறான். பெரியவர்களோ பாம்பு வரைவதை விட்டுவிட்டுப் பூகோளமும் கணக்கும் படி என்கிறார்கள். பெரியவர்களுக்குக் கற்பனை இல்லை என்று நகைச்சுவையாகச் சொல்வதற்காக மட்டும் இந்த இரு படங்களும் இங்கே வைக்கப்படவில்லை. ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயிற்சி இங்கிருந்தே தொடங்குகிறது. முதல் படம் மூடியது, இரண்டாவது திறந்தது. விளக்கம் கொடுத்த இரண்டாவது படம் யாரையும் மாற்றவில்லை. உள்ளே இருப்பதைக் காட்டிவிட்டால் பார்ப்பவர் நம்ப வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

பல ஆண்டுகள் கழித்து, பாலைவனத்தில், இளவரசன் ஆடு கேட்கிறான். விமானிக்குத் தெரிந்தது பாம்புப் படம் ஒன்றுதான், அதையே வரைந்து நீட்டுகிறான். பாம்புக்குள் இருக்கும் யானை தனக்கு வேண்டாம் என்று சிறுவன் சட்டென்று மறுக்கிறான். நூலின் மிக அற்புதமான கணம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எந்த விளக்கமும் இல்லாமல் ஒருவன் உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டான். பிறகு மூன்று ஆடுகள் வரையப்படுகின்றன. ஒன்று நோஞ்சான், ஒன்று கொம்புள்ள கிடா, மற்றது கிழடு. மூன்றும் முழுமையாக வரையப்பட்டவை, மூன்றும் தேறவில்லை. பொறுமை இழந்த விமானி ஒரு பெட்டியைக் கீறி, ஆடு அதற்குள் இருக்கிறது என்கிறான். பெட்டியின் பக்கத்தில் மூன்று துளைகள். சிறுவன் முகம் மலர்கிறது, அவன் கேட்டது இதுதான். படம் மறுபடி மூடிக்கொண்டது, இப்போது நம்புவதற்கு ஆள் கிடைத்துவிட்டான்.

மூன்றாவது மூடிய படம் அந்த வாய்க்கூடு. அது கட்டப்படப்போகும் முகத்தை நாம் பார்க்கவே இல்லை. நான்காவது நூலின் கடைசிப் பக்கத்தில் வருகிறது. மணற்குன்றுகளின் இரண்டு வளைகோடுகள், மேலே ஒரு நட்சத்திரம். முந்தைய பக்கத்தில் இதே நிலத்தில்தான் இளவரசன் சரிந்தான். இப்போது அவன் இல்லை. ஆடு இல்லை, பாம்பு இல்லை, சொல்கிறவனும் இல்லை. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில்கூட இதைவிடச் சிக்கனமாக ஒரு படம் இருக்காது. உலகத்திலேயே அழகானதும் துயரமானதும் இந்த நிலம்தான் என்று கதைசொல்லி நினைக்கிறான். அங்கே என்றாவது போக நேர்ந்தால் நின்று பார்க்கும்படி நம்மைக் கேட்டுக்கொள்கிறான்.

முதல் படத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நூலின் கட்டுமானம் தெரிகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வடிவம்: கிடைமட்டமாக ஓடும் வளைகோடு, அதன் மேல் மேடு. முதல் படத்தில் ஒரு பாம்பு ஓர் உயிரை விழுங்கியிருக்கிறது, ஆனால் அந்த உயிர் உள்ளே முழுதாக இருக்கிறது. முடிவில் இன்னொரு பாம்பு, மஞ்சள் நிறத்தது, இளவரசனைக் கடிக்கிறது. விடிந்தபோது உடல் கிடைக்கவில்லை. விழுங்கப்பட்டது எல்லாம் அழிந்ததாகாது என்பதைப் பார்க்கும் கண்ணை முதல் பக்கமே நமக்குக் கொடுத்துவிட்டது. மரணத்தைப் பற்றி ஒரு குழந்தையிடம் பொய்யும் சொல்லாமல், அச்சுறுத்தவும் செய்யாமல் பேசுவது எவ்வளவு கடினம் என்று வீட்டில் இழவு கண்ட எல்லோருக்கும் தெரியும். செந்த் எக்சுபெரி அதை இரண்டு கோடுகளில் செய்கிறார்.

எல்லாம் வெளியே தெரிகிறவர்கள்

மூடிய படங்களுக்கு எதிர்த்தட்டில் இன்னொரு வகைப் படங்கள் உள்ளன. அரசன், தற்பெருமைக்காரன், குடிகாரன், கணக்குப் போடும் வியாபாரி, விளக்கேற்றுபவன், புவியியல் அறிஞன். பூமிக்கு வரும் வழியில் இளவரசன் இறங்கும் ஆறு சிறு கிரகங்களின் ஒற்றைக் குடிமக்கள் இவர்கள். இவர்களின் படங்கள் முழுமையாக, வண்ணத்தோடு, ஏறக்குறையக் கேலிச் சித்திரங்களாக இருக்கின்றன. அரசனின் அங்கி அவன் கிரகம் முழுவதையும் மூடி, இளவரசன் உட்கார இடமில்லாமல் செய்துவிடுகிறது. வியாபாரி மேசையைத் தாண்டி நிமிர்ந்தே பார்ப்பதில்லை. இந்தப் படங்களுக்குள் ஒளிந்திருப்பது எதுவும் இல்லை. மேலே தெரிவதுதான் அவர்களின் மொத்த இருப்பு.

துருக்கி வானியலாளரின் இரட்டைப் படம் இதை இன்னும் கூர்மையாகச் செய்கிறது. இளவரசனின் கிரகமான பி-612-ஐ 1909-இல் கண்டுபிடித்தவர் தன் நாட்டு உடையில் வந்து நிரூபித்தபோது மாநாட்டில் யாரும் நம்பவில்லை. 1920-இல் ஐரோப்பிய உடையில் வந்து அதே நிரூபணத்தைக் காட்டியதும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இரு படங்களிலும் ஆள் ஒருவரே, உடைதான் வேறு. காலனியாதிக்கம் உச்சத்தில் இருந்த காலத்தில் ஒரு குழந்தைகள் நூலின் இரண்டு சிறு படங்கள், யாருடைய அறிவு அறிவாகக் கருதப்படுகிறது என்ற கேள்வியைக் கேட்டுவிட்டன.

எண்களை வழிபடும் பெரியவர்களைக் கதைசொல்லி கிண்டலடிக்கும் இடத்தில்தான் இந்தக் கிரகத்தின் எண் வருகிறது. நிஜ உலகம் அந்தக் கிண்டலை அறியாமலே தொடர்ந்தது என்பது சுவையான செய்தி. 46610 என்ற எண் கொண்ட சிறுகோளுக்கு பிரெஞ்சில் ‘பி-ஆறு-பன்னிரண்டு’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். பதினாறின் அடிமான எண் முறையில் பி612 என்று எழுதினால் வரும் மதிப்பு சரியாக 46610.

பாவோபாப் மரங்களின் படம் மட்டும் இந்த இரு வகையிலும் அடங்காது. மன்னாரிலும் நெடுந்தீவிலும் பெருக்கமரம் என்று அறியப்படும் அதே மரம்தான். ஒரு சிறு கிரகத்தை மூன்று மரங்கள் வேரால் கவ்விப் பிளந்துகொண்டிருக்கின்றன. மற்றப் படங்கள் இத்தனை பிரம்மாண்டமாக இல்லாததற்கு, இதை வரையும்போது மட்டும் அவசரம் உந்தியது என்பதே கதைசொல்லி தரும் காரணம். முளையிலேயே கிள்ளாவிட்டால் கிரகமே போய்விடும் என்ற எச்சரிக்கையை, 1942-இல் எழுதப்பட்டதால், பலர் நாஜிசத்தோடு பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் என்று மூன்று மரங்களுக்கும் பெயர் சூட்டியவர்களும் உண்டு. அவ்வளவு கறாரான பொருத்தம் தேவையில்லை. ஆனால் சமர்ப்பணப் பக்கத்தில் பசியிலும் குளிரிலும் வாடும் ஒரு நண்பர் இருக்கிறார் என்பதை மறந்துவிட்டு இந்தப் படத்தைப் பார்க்கவும் முடியாது.

வெட்டி நீக்கியவை

1943 ஏப்ரலில், நூல் வெளிவந்த அதே மாதம், செந்த் எக்சுபெரி மீண்டும் போரில் பறப்பதற்காக வட ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். கிளம்பும் முன், தம் தோழி சில்வியா ஹாமில்டனின் வீட்டுக்குப் போய், கசங்கிய காகிதப் பையில் கையெழுத்துப் படியையும் ஓவியங்களையும் கொடுத்துவிட்டுப் போனார். 1968-இல் நியூயார்க்கின் மோர்கன் நூலகம் அவரிடமிருந்து அவற்றை வாங்கியது. 140 பக்கக் கையெழுத்து, கூடவே ஓவியங்கள். மெல்லிய தாள்களில் காப்பிக் கறையும் சிகரெட் சுட்ட தடமும் இருக்கின்றன.

அந்தப் படி அச்சான நூலைப் போல ஏறக்குறைய இரு மடங்கு நீளம். எதை நீக்கினார் என்பது எதை எழுதினார் என்பதைவிட நமக்கு அதிகம் சொல்லித்தருகிறது. மன்ஹாட்டன், லாங் ஐலண்ட் போன்ற இடப்பெயர்கள் போயின. எந்த நகரத்திலும் கால் ஊன்றாத கதையாக அது மாறியது. விமானத்தின் அருகே உறங்கும் விமானியின் படம் ஒன்று அங்கே இருக்கிறது, நூலில் இல்லை. அச்சான நூலின் எந்தப் படத்திலும் கதைசொல்லி தென்படுவதில்லை. இந்த நீக்கத்தால் விளைந்தது பெரிது. சொல்கிறவனுக்கு முகம் இல்லாதபோது, மணலில் உட்கார்ந்து இளவரசனை நேருக்கு நேர் பார்ப்பது வாசகரின் கண்ணாகிறது. நரியின் ரகசியத்தையும் அவர் அடித்து அடித்துப் பலமுறை திருத்தி எழுதியிருக்கிறார். தானாக ஊறிவந்தது போலத் தோன்றும் அந்த எளிமை, கடும் உழைப்பால் வந்தது.

தாகத்திலிருந்து வந்த ஞானம்

மறைஞானம் என்றதும் புகைமூட்டமான ஏதோ ஒன்றை எதிர்பார்க்கிறோம். இந்தக் கதையின் மறைஞானத்துக்கு ஓர் உடலும் ஒரு தேதியும் இருக்கின்றன. 1935 டிசம்பர் 30 அதிகாலை, பாரிஸிலிருந்து சைகோனுக்கு விரைவுச் சாதனைக்காகப் பறந்த செந்த் எக்சுபெரியின் விமானம் எகிப்தின் மேற்குப் பகுதியிலுள்ள லிபியப் பாலைவனத்தில் மோதி நொறுங்கியது. உடன் இருந்தவர் இயந்திரவியலாளர் ஆந்த்ரே பிரெவோ. இருவரும் உயிர் தப்பினார்கள். ஆனால் குடிக்க இருந்தது ஒரு நாளைக்கும் போதாது. கானல்நீரையும் மாயக்காட்சிகளையும் கடந்து நடந்தவர்களை, நாவும் தொண்டையும் வறண்டு கடைசிக் கட்டத்துக்கு வந்த நிலையில், நான்காம் நாள் ஒட்டகத்தில் வந்த பதூயின் ஒருவர் காப்பாற்றினார்.

1939-இல் வந்த நினைவுநூலில் இந்த அனுபவத்தை விரிவாக எழுதியிருக்கிறார். சாகக் கிடக்கும் நிலையிலும் ஒரு சிறுநரியின் காலடித் தடத்தைப் பின்தொடர்ந்து போகிறார். அது ஒவ்வொரு புதரிலும் நத்தைகளை முழுவதுமாகத் தின்று தீர்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பதைக் கவனிக்கிறார். ஆடும் ரோஜாவும் பிழைக்க வேண்டிய ஒரு கதைக்கு இதைவிடச் சரியான நரி கிடைக்காது. கதையில் எட்டாம் நாள் தண்ணீர் தீர்ந்து, இருவரும் இரவெல்லாம் நடந்து, விடியலில் ஒரு கிணற்றைக் கண்டடைகிறார்கள். ராட்டினம், வாளி, கயிறு எல்லாம் தயாராக இருக்கும், ஊரே இல்லாத இடத்துக் கிணறு. அந்தத் தண்ணீர் தாகம் தீர்ப்பதைத் தாண்டிய ஒன்று என்று கதைசொல்லி சொல்லும்போது அது அலங்காரப் பேச்சாகத் தோன்றாததற்குக் காரணம், எழுதியவர் தண்ணீரின் விலையை உடம்பால் அறிந்தவர் என்பதே. சுவடே இல்லாத மணலுக்குள் எங்கோ நீர் ஒளிந்திருக்கிறது என்ற நினைப்பும், பாம்புக்குள் யானை, பெட்டிக்குள் ஆடு என்ற படங்களும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை.

பொருள் தேடியவர்கள்

மூடிய படங்கள் நிறைந்த ஒரு நூல், திறந்து பார்க்கும் ஆசையைத் தூண்டத்தான் செய்யும். யுங் மரபைச் சேர்ந்த உளவியலாளர் மரி-லூயிஸ் ஃபான் ஃபிரான்ஸ் 1959–60-இல் சூரிக்கில் நிகழ்த்திய தொடர் சொற்பொழிவுகளில் இந்தக் கதையை வளர மறுக்கும் ஆணின் மனநோய்க் குறிப்பாக வாசித்தார். அவர் பார்வையில் யானையை விழுங்கிய பாம்பு, மகனை விழுங்கும் தாய். ஜெர்மன் இறையியலாளர் ஆய்கன் ட்ரூவர்மன் 1984-இல் எழுதிய ஆய்வு, ரோஜாவில் தாயின் சாயலைக் கண்டது. வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் ரோஜாவைக் கான்சுவேலோ என்கிறார்கள். எல் சால்வடோரில் பிறந்து, 1931-இல் செந்த் எக்சுபெரியை மணந்தவர் அவர். எரிமலைகளின் நாட்டிலிருந்து வந்தவர், ஆஸ்துமாவில் இருமியவர். இளவரசனின் கிரகத்தில் மூன்று எரிமலைகளும் இருமும் ஒரு பூவும் இருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாதுதான். கான்சுவேலோவின் நினைவுக்குறிப்புகள் அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் 2000-இல் ‘ரோஜாவின் நினைவுகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் வந்து அந்தத் திருமணத்தின் காயங்களை மறுபக்கத்திலிருந்து சொன்னபோது, கதையில் பெண்ணுக்குக் கிடைத்த இடம் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும் பூ மட்டும்தானே என்ற விமர்சனமும் வலுத்தது. நியாயமான விமர்சனம் அது.

இந்த வாசிப்புகள் எதையும் தவறு என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாமே இரண்டாவது பாம்புப் படத்தின் வேலையைத்தான் செய்கின்றன. வயிற்றைத் திறந்து, உள்ளே இருப்பது இன்னதென்று காட்டுகின்றன. அப்படிக் காட்டிய பிறகு கதை சின்னதாகிவிடுகிறது. ஆசிரியரின் முடிவும் இதே ஆசைக்கு இரையானது. 1944 ஜூலை 31 அன்று கோர்சிகாத் தீவிலிருந்து உளவுப் படமெடுக்கக் கிளம்பிய அவருடைய பி-38 விமானம் திரும்பவில்லை. 1998-இல் மார்சேய் அருகே மீனவர் ஒருவரின் வலையில் அவர் பெயரும் மனைவி பெயரும் அமெரிக்கப் பதிப்பகத்தின் பெயரும் பொறித்த கைச்சங்கிலி சிக்கியது. 2000-இல் கடலடியில் கண்டறியப்பட்ட சிதைவுகள் பின்னர் வெளியே எடுக்கப்பட்டு, அவருடையவை என்று உறுதியாயின. உடல் கிடைக்கவில்லை. இளவரசனின் உடலும் கிடைக்கவில்லை என்பதை இதோடு முடிச்சுப் போட்டு, தன் மரணத்தை அவர் முன்பே எழுதிவிட்டார் என்று சொல்வது எளிது. ஆனால் இளவரசன் விழும் விதத்துக்கு வேர், அவர் முந்தைய போர் நூலில் தம்பி பிரான்சுவாவின் மரணத்தை விவரித்த பக்கங்களில் இருக்கிறது. கூச்சல் இல்லாமல், ஓர் இளமரம் சாய்வது போல. அந்தப் பயல் கடந்த காலத்திலிருந்து வந்தவன்.

அச்சிலும் மொழியிலும்

படம் கதையின் பகுதி என்றால், படத்தில் வரும் பிழை கதையில் வரும் பிழை. பிரான்சில் வந்த கல்லிமார் பதிப்பின் படங்கள் அமெரிக்கப் பதிப்பிலிருந்து படியெடுக்கப்பட்டவை. நிறங்களும் சில நுண்ணிய கோடுகளும் மாறிப்போயின. இளவரசன் ஒரே நாளில் பார்த்த சூரிய அஸ்தமனங்கள் 1943-இன் ஆங்கிலப் பதிப்பில் 44, கல்லிமார் பதிப்பில் நெடுங்காலம் 43. 1999-இல்தான் கல்லிமார் பதிப்பின் படங்கள் அமெரிக்க முதற்பதிப்பைப் பின்பற்றித் திருத்தப்பட்டன. பிரெஞ்சு வாசகர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் நிறம் மாறிய இளவரசனைத்தான் நேசித்தார்கள்.

இன்று இந்த நூல் 500-க்கும் மேற்பட்ட மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் கிடைக்கிறது. தமிழில் ச. மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்க்க, 1981-இல் க்ரியா வெளியிட்டது. குழந்தைகள் நூல்களுக்கென்று தனியாக இயங்காத, தீவிர இலக்கியத்துக்கும் அகராதிக்கும் பெயர்பெற்ற பதிப்பகம் அது. காம்யுவின் ‘அந்நியன்’ வாங்கிய அதே கைகள் ‘குட்டி இளவரச’னையும் வாங்கின. பலருக்கு இந்தக் கதை முதலில் பெரியவர்களின் அலமாரிக்கு வந்து, பிறகே பிள்ளைகளின் கைக்குப் போனது.

யாருக்கான புத்தகம்?

இந்தக் கேள்வி 1943-இலேயே எழுந்தது. மேரி பாப்பின்ஸ் கதைகளை எழுதிய பி. எல். டிராவர்ஸ் தம் மதிப்புரையில் அதற்கு ஒரு நல்ல விடை வைத்திருந்தார். இந்தக் கதை குழந்தைகளின் மூளையைத் தொடாமல் வேறெங்கோ போய் உட்கார்ந்து, புரியும் காலம் வரும்வரை அங்கேயே ஒளிரும் என்பது அவர் கருத்து. செந்த் எக்சுபெரியும் சமர்ப்பணப் பக்கத்தில் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொள்கிறார். நூலை ஒரு பெரியவருக்குக் காணிக்கையாக்கியதற்குப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு, காரணங்களை அடுக்கி, இறுதியில் அந்தப் பெரியவர் சிறுவனாக இருந்த காலத்துக்கே அதைத் திருப்பிவிடுகிறார். அந்த நண்பர் லெயோன் வெர்த். தன்னைவிட 22 வயது மூத்தவர், யூதர், எழுத்தாளர். அப்போது ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சில், ஜுரா மலைப்பகுதியில் மறைந்து வாழ்ந்துகொண்டிருந்தார். ஆசிரியர் உயிரோடு இருந்தவரை நூல் அவர் கைக்கு எட்டவில்லை.

எல்லா வயதினருக்குமான கதை என்று ஒன்றைப் பாராட்டும்போது, குழந்தைக்கு மேலே ஓர் அடுக்கு, பெரியவருக்கு அடியில் ஓர் அடுக்கு என்று பிரித்துவிடுகிறோம். குழந்தை சாகசத்தை ரசிக்கும், பெரியவர் தத்துவத்தைக் கண்டுகொள்வார் என்பது அந்தக் கணக்கு. ‘குட்டி இளவரசன்’ அப்படி வேலை செய்வதில்லை. அது எல்லா வாசகரிடமும் ஒரே வேலையைத்தான் கேட்கிறது: வரையப்படாததை நீங்களே நிரப்புங்கள். பெட்டிக்குள் ஆடு இருப்பதை நம்புவது குழந்தைக்குச் சிரமமே இல்லை. ஆனால் கடைசிப் பக்கத்தின் வெறும் மணலில் யார் இல்லை என்பதை முழுதாக உணர, ஒருவரையாவது இழந்திருக்க வேண்டும். பெரியவருக்கு இழப்பு தெரியும், பெட்டியைத்தான் நம்ப முடிவதில்லை. ஆகவே எந்த வயதில் படித்தாலும் நூலின் ஒரு பாதி வாசகரிடமிருந்து நழுவுகிறது. சிறுவயதில் ஒரு முறையும் முதிர்ந்தபின் ஒரு முறையும் படித்தவர்களுக்கு இந்தக் கதை இவ்வளவு நெருக்கமாகிவிடுவதற்குக் காரணம், பெட்டியை நம்பியது நினைவில் இருக்கும்போதே மணலின் வெறுமையையும் அவர்கள் பார்க்க நேர்வதுதான். இந்த நூலைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பவர், பிள்ளையோடு சேர்ந்து அதைத் தானும் மறுபடி படிப்பது நல்லது.